கடைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம்

உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து மார்க்கு ரிப்போர்ட்டைக் கொண்டு வந்து நீட்டுகிறான். நீங்கள் அடுப்பைக் கொஞ்சம் தணித்து விட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சர்ரென்று ஒரு கையெழுத்தைப் போட்டுக் கொடுத்து விட்டு, மறுபடியும் குழம்பைக் கவனிக்கப் போய்விடுகிறீர்கள். கணக்கில் என்ன மார்க்கு என்பதைக்கூடச் சில சமயம் பார்ப்பதில்லை. பையனும் அந்த வேளை பார்த்துத்தான் கொண்டு வருகிறான்!

கையெழுத்து என்பது நமக்கு அவ்வளவு லேசான காரியமாகிவிட்டது. அதைக் கற்றுக்கொள்வதற்காக, வயல் வேலையில் அலுத்த உடம்போடு, இரவு நேரத்தில் ஒரு கடையின் பின்கட்டில் பென்ஸிலும் கையுமாக உட்கார்ந்த பாட்டிமார்களைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். அவர்கள் நம் ஊர்க்காரர்கள் அல்ல. அமெரிக்காவின் தெற்குக் கரோலினா ராஜ்யத்தில், சார்ல்ஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் ஜான்ஸ் தீவு என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே குடியிருந்த கறுப்பின மக்கள் அவர்கள்.

அமெரிக்கா முழுவதையும் எடுத்துக்கொண்டால் கறுப்பர்கள் சிறுபான்மையோர். ஆனால் 1950-களில் அந்தத் தீவில் அவர்கள்தான் அதிகம். அப்படியும் வோட்டுப் போடுகிறவர்களின் ஜாபிதாவில் அவர்கள் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. காரணம், 1895-ல் எழுதிய ராஜ்ய அரசியல் சட்டம். முன்னூறு டாலர் மதிப்புக்குக் குறையாமல் சொத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சட்டத்தில் உத்தியோகஸ்தர் காட்டுகிற பகுதியை வாசித்து, எழுதியும் காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தைச் சரியாகக் கட்டித் தராமல் இருப்பது, பிறகு "வாசிக்கத் தெரியவில்லையே, உனக்கேது வோட்டு?" என்று கேட்பது. கையைக் கட்டிப் போட்டுவிட்டு, "ஏன் சாப்பிடவில்லை?" என்று விசாரிக்கிற மாதிரி இல்லையா?

தீவிலிருந்து சார்ல்ஸ்டனுக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்ல இஸா ஜென்கின்ஸ் என்பவர் ஒரு பஸ் ஓட்டினார். அதிகம் படித்தவரல்லர், ஆனால் காரியவாதி. அரசியல் சட்டப் பகுதியை அச்சிட்ட காகிதங்களைப் பிரயாணிகளிடம் கொடுத்து, போகிற வழியிலேயே அதைப் பற்றிப் பேசிப் பாடம் நடத்துவார். அந்தப் பஸ்ஸில் வந்த ஓர் அம்மாளுக்கு எழுத்து தெரியாது. காதால் கேட்டுக் கேட்டே அந்தச் சட்டத்தை மனப்பாடம் செய்து விட்டாள். நம் பாட்டிமார்கள் ராமாயணத்தையும் திருப்புகழையும் கேள்வி ஞானத்தாலேயே ஒப்பிப்பார்களே, அந்த மாதிரி. ஆனால் அவளுக்கு அது போதவில்லை. "எனக்கு வாசிக்கவே கற்றுக்கொடுக்க முடியுமா?" என்று ஜென்கின்ஸைக் கேட்டாள்.

பஸ் ஓட்டுகிற மனிதர் என்ன செய்வார்? அவருக்கு வழி கிடைத்தது. அந்த வழியைத் தேடிப் போனால், கதை ஐரோப்பாவுக்குப் போகிறது. கொஞ்சம் பொறுமையாக என் கூட வாருங்கள்.

டென்மார்க் தேசத்தில் குருண்ட்விக் என்று ஒரு பாதிரியார் இருந்தார். 1783-ல் பிறந்து 1872 வரை வாழ்ந்தவர். ஏட்டுப் படிப்பும் பரீட்சையும் குடியானவர்களை மட்டம் தட்டத்தான் பயன்படுகின்றன என்பது அவருடைய அபிப்பிராயம். வளர்ந்த பிள்ளைகள் ஆசிரியர்களோடு ஒரே வீட்டில் தங்கி, சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து பாடி, தங்கள் தேசத்தைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் பேசிக் கற்க வேண்டும் என்றார். 1844-ல் ரோடிங் என்ற ஊரில் இப்படிப்பட்ட முதல் மக்கள் பள்ளி ஏற்பட்டது. பிறகு நாடெங்கும் பரவியது. பல பள்ளிகளில் குளிர்காலத்தில் ஆண்கள், கோடையில் பெண்கள் என்று முறை வைத்துப் படித்தார்கள். டென்மார்க்கின் கூட்டுறவுப் பால் பண்ணைகளை நடத்தியவர்களில் பலர் இந்தப் பள்ளிகளில் தங்கிவிட்டு வந்த குடியானவர்கள்தாம்.

அமெரிக்காவின் டென்னஸி ராஜ்யத்து இளைஞர் ஒருவர், மைல்ஸ் ஹார்ட்டன் என்று பெயர், இதைச் சிகாகோவில் இருந்த டேனிஷ் பாதிரிமார்கள் மூலம் கேள்விப்பட்டார். டேனிஷ் பாஷையைக் கற்றுக்கொண்டு 1931-ல் கப்பலேறினார்.

இங்கே ஒரு வார்த்தை. வெளிநாட்டுக்குப் போய் அங்குள்ள முறைகளைக் கண்டு வருகிறவர்கள் எத்தனையோ பேரை நாம் பார்த்திருக்கிறோம். மாலை, புகைப்படம், ஒரு பெட்டி நிறையச் சாக்லேட்டு, "அங்கெல்லாம் தெரு எவ்வளவு சுத்தம் தெரியுமா!" என்று ஆறு மாதப் பிரசங்கம். அத்தோடு சரி. ஹார்ட்டன் போன இடத்தில் முதலில் ஏமாந்து போனார் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். நிறைய மக்கள் பள்ளிகள் பழம்பெருமையைப் பேசிக்கொண்டு தூங்கி வழிந்தன. ஆகவே அவர் கட்டடங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பழைய ஆசிரியர்களைத் தேடிப் பிடித்து, "ஆரம்ப நாளில் இது எதனால் உயிரோடு இருந்தது?" என்று விசாரித்தார். தாம் தெரிந்துகொண்டதைக் குறித்து வைத்தார்: பரீட்சை கூடாது, ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக வசிக்க வேண்டும், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டும், எல்லாரும் சேர்ந்து பாட வேண்டும், எதற்காகப் படிக்கிறோம் என்பது எல்லாருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். 1931 கிறிஸ்துமஸ் இரவில், கோபன்ஹேகனில், ஊர் திரும்பி இப்படி ஒரு பள்ளி தொடங்குவது என்று எழுதி வைத்துக்கொண்டார்.

1932-ல் டென்னஸியில் மாண்டீகிள் என்ற மலையூரில் ஹைலாண்டர் மக்கள் பள்ளி ஆரம்பமாயிற்று. அதற்கு வீடு கொடுத்தவர் ஒரு பெண்மணி. லிலியன் ஜான்ஸன் என்று பெயர். பெண்கள் கல்லூரியின் தலைவராக இருந்தவர். கூட்டுறவு முறைகளை ஐரோப்பாவுக்கே போய்க் கண்டு வந்தவர். இல்லாவிட்டால் ஊர் பேர் தெரியாத இளைஞனிடம் வீட்டைக் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

முதலில் சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வந்தார்கள். பிறகு, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பந்தியில் உட்காரக் கூடாது என்று சட்டமிருந்த அந்தப் பிரதேசத்தில், இந்த ஒரு வீட்டில் மட்டும் எல்லாரும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். பாட்டும் நடந்தது. சார்ல்ஸ்டன் சுருட்டு ஆலையில் 1945-46-ல் வேலை நிறுத்தம் செய்த கறுப்பினப் பெண்கள் பாடிய ஒரு பாட்டு ஹைலாண்டருக்கு வந்து, ஹார்ட்டனின் மனைவி ஜில்பியா மூலமாக ஊரெல்லாம் பரவியது. நம் பள்ளிப் பிள்ளைகள் ஹிந்தியில் 'ஹம் ஹோங்கே காம்யாப்' என்று பாடுகிறார்களே, அதன் மூலம் அதுதான்.

இந்த இடத்தில் செப்டிமா கிளார்க் வருகிறார். இனி கதை அவருடையது.

1898-ல் சார்ல்ஸ்டனில் பிறந்தவர். தகப்பனார் அடிமையாகப் பிறந்தவர். தாயார் துணி வெளுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். அந்த நகரத்துச் சர்க்கார் பள்ளிகளில் அப்போது கறுப்பின ஆசிரியைகளுக்கு வேலை கிடையாது. ஆகையால் 1916-ல், 18 வயதில், ஜான்ஸ் தீவுக்குப் படகேறிப் போய்க் குழந்தைகளுக்குப் பாடம் சொன்னார். ஒரு கப்பல் மாலுமியைக் கல்யாணம் செய்துகொண்டார். 1925-ல் கணவர் இறந்து போனார். ஒரே மகனை வைத்துக்கொண்டு, ஆசிரியை வேலையிலேயே வாழ்நாளைக் கழித்தார். வெள்ளை ஆசிரியைகளுக்குக் கொடுக்கிற சம்பளத்தைக் கறுப்பின ஆசிரியைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று 1945-ல் நடந்த வழக்கில் முன்னின்றார்.

1954 கோடையில் அவர் ஹைலாண்டருக்குப் போனார். அதே ஆகஸ்டில் ஐக்கிய நாடுகள் சபையைப் பற்றி அங்கே நடந்த ஒரு பயிற்சி முகாமுக்கு நம் பஸ்காரர் ஜென்கின்ஸையும் கூட்டிப் போனார். உலக விவகாரங்களை எல்லாரும் விரிவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜென்கின்ஸின் முறை வந்தது. தம் தீவு ஜனங்களுக்கு வேண்டியது, வோட்டர்களாகப் பதிவு செய்துகொள்ள எழுத்துச் சொல்லித் தரும் ஒரு பள்ளிக்கூடம் என்றார். உலக சபையைப் பற்றிக் கூடிய கூட்டத்தில் கடைசியில் உருப்படியாகத் தேறியது இந்த ஒரு கோரிக்கை!

பள்ளி உடனே வந்துவிடவில்லை. நடுவில் செப்டிமாவின் தலையில் இடி விழுந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காக வாதாடும் சங்கத்தில் சர்க்கார் ஊழியர்கள் யாரும் அங்கத்தினராக இருக்கக் கூடாது என்று 1956-ல் ராஜ்ய சட்டசபை சட்டம் செய்தது. "நான் அங்கத்தினர் இல்லை" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் வேலை தப்பியிருக்கும். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. 40 வருஷ உத்தியோகம் போயிற்று, பென்ஷனும் போயிற்று. அப்போது அவருக்கு வயது 58. நம் வீடுகளில் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்துப் பாருங்கள். "உனக்கேன் இந்த வம்பு? பேசாமல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ" என்று நானே சொல்லியிருப்பேன்.

ஹைலாண்டர் அவரை அழைத்துப் பயிற்சிகளுக்குத் தலைவியாக வைத்துக்கொண்டது. ஜென்கின்ஸும் அவர் நண்பர்களும் ஹைலாண்டரில் கடன் வாங்கித் தீவில் ஒரு பழைய கட்டடத்தை வாங்கினார்கள். முன்பக்கத்தில் கூட்டுறவு மளிகைக் கடை. பின்பக்கத்தில் இரண்டு அறை. வருகிற போகிற வெள்ளைக்காரர்கள் பார்த்தால் கடை மட்டுந்தான் தெரியும்.

ஆசிரியை யார்? இங்கேதான் சாமர்த்தியம். பட்டம் பெற்ற ஆசிரியை வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். வயதானவர்களைக் குழந்தைகளைப் போல் அதட்டிவிடுவாள் என்ற பயம். செப்டிமா தம் உறவுப் பெண் பெர்னீஸ் ராபின்ஸனைப் பிடித்தார். பெர்னீஸ் சார்ல்ஸ்டனில் பெண்களுக்குத் தலைமுடி அலங்காரம் செய்பவர், தையலும் தெரியும். நியூயார்க்கில் சில வருஷம் வேலை செய்தபோது சிரமமில்லாமல் வோட்டுப் போட்டவர். பெற்றோரைக் கவனித்துக்கொள்ள 1947-ல் ஊருக்குத் திரும்பியவர். வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் கறுப்பினப் பெண்கள். ஆகையால் வெள்ளைக்கார முதலாளி யாரும் அவரை வேலையிலிருந்து நீக்க முடியாது! "எனக்குப் பாடம் சொல்லத் தெரியாதே" என்று அவர் எவ்வளவோ மறுத்தார். யாரும் கேட்கவில்லை.

1957 ஜனவரி 7-ந் தேதி இரவு வகுப்பு ஆரம்பமாயிற்று. வந்தவர்கள் 14 பேர். பெர்னீஸ் சின்னக் குழந்தைகளின் பாடப் புத்தகங்களைக் கொண்டு போயிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த நரைத்த தலைகளைப் பார்த்ததும் அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டார். தாம் ஆசிரியை அல்ல என்றும், எல்லாருமாகச் சேர்ந்து கற்கலாம் என்றும் சொல்லி, "உங்களுக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?" என்று கேட்டார்.

ஒருவருக்குத் தம் பெயரை எழுத வேண்டும். இன்னொருவருக்குப் பைபிள் வாசிக்க வேண்டும். தபாலில் சாமான் தருவிக்கும் படிவத்தையும் மணியார்டர் படிவத்தையும் பிறர் தயவில்லாமல் நிரப்ப வேண்டும். பட்டாளத்தில் இருக்கும் மகன் போடுகிற கடிதத்தை அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாமல் தானே வாசிக்க வேண்டும். (தாயாக இருக்கிறவர்கள் இந்த ஆசையைப் புரிந்துகொள்வீர்கள். அடுத்த வீட்டுக்காரர் எதை வாசித்தார், எதை விட்டார் என்று யார் கண்டது?) அவையே பாடமாயின. வேலி போட எவ்வளவு கம்பி வேண்டும், உரம் என்ன விலையாகும் என்பது கணக்குப் பாடம். அட்டையில் பெரிதாக எழுதிய பெயரின் மேல் திரும்பத் திரும்பப் பென்ஸிலை ஓட்டிக் கை பழகுவது எழுத்துப் பாடம். மண்வெட்டி பிடித்த கைக்குப் பென்ஸில் சட்டென்று அகப்படாது. பல பென்ஸில்கள் ஒடிந்திருக்கும். கூட வந்த இளம்பெண்களுக்குப் பெர்னீஸ் தையலும் சொல்லிக் கொடுத்தார். பிறகுதான் பதிவுப் படிவம், அரசியல் சட்டம் எல்லாம்.

சுவரில் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பிரகடனத்தை ஒட்டி வைத்திருந்தார். பள்ளி முடிவதற்குள் எல்லாரும் அதை வாசித்து அர்த்தம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. பரீட்சை கிடையாது. பாட்டு உண்டு. டென்மார்க்கிலிருந்து ஹார்ட்டன் குறித்து வந்த காகிதத்தில் இருந்தது ஏறக்குறைய அத்தனையும் அந்த அறையில் நடந்தது. நடத்தியவரோ கடல் தாண்டிப் போனவரல்ல, சீப்பும் கத்திரிக்கோலும் பிடித்த ஒரு பெண்மணி.

ஒரு நாள் பெர்னீஸ் எல்லாருடைய பெயரையும் கரும்பலகையில் எழுதினார். 65 வயதான ஒரு பாட்டி எழுந்து வந்து, அவர் கையிலிருந்த கோலை வாங்கி, தன் பெயர் எது என்று தொட்டுக் காட்டினாள். தனக்கு மேனி சிலிர்த்துவிட்டது என்று பெர்னீஸ் பின்னால் பல தடவை சொல்லியிருக்கிறார்.

பக்கத்துத் தீவுகளுக்குச் செய்தி பரவியது. "எங்களுக்கும் வேண்டும்" என்று கேட்டார்கள். தையல்காரிகள், குடியானவப் பெண்கள் என்று ஆசிரியைகள் பெருகினார்கள். இதற்கிடையில் 1959 ஜூலை 31-ந் தேதி ஹைலாண்டரில் போலீஸார் புகுந்து செப்டிமாவைக் கைது செய்தார்கள். என்ன குற்றம் என்கிறீர்கள்? சாராயம் வைத்திருந்தாராம்! அந்த அம்மாள் மதுவைத் தொடாதவர். வழக்கு நிற்கவில்லை. ஆனால் 1961-ல் ராஜ்ய சர்க்கார் பள்ளியையே மூடி, சொத்தையும் எடுத்துக்கொண்டது. அந்தப் பள்ளி வேறு பெயரில் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்து இன்றைக்கும் நடக்கிறது. பிரஜைப் பள்ளிகளை மட்டும் அதே வருஷம் மார்ட்டின் லூதர் கிங்கின் சங்கம் ஏற்றுக்கொண்டது. செப்டிமாவும் கூடவே போனார். ஜார்ஜியாவில் ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார். அவர் சொல்லும் கணக்குப்படி 1957 முதல் 1970 வரை 897 பள்ளிகள் நடந்தன. வோட்டுக்கு எழுத்துப் பரீட்சை வைக்கும் வழக்கத்தை 1965-ல் வந்த சட்டம் தெற்கு ராஜ்யங்களில் நிறுத்திவிட்டது.

இவ்வளவு நடந்த பிறகும், சங்கத்துத் தலைவர்களில் சிலருக்குத் தங்கள் நிர்வாகக் குழுவில் ஒரு பெண்பிள்ளை எதற்கு என்ற சந்தேகம் தீரவில்லை. செப்டிமாவே இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். நமக்கும் இது புதிய சமாசாரமல்லவே!

அவர் 1970-ல் சார்ல்ஸ்டனுக்குத் திரும்பி வந்தார். 1975-ல், 77 வயதில், சார்ல்ஸ்டன் பள்ளி நிர்வாக சபைக்கு நடந்த தேர்தலில் நின்றார். ஜனங்கள் வோட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தார்கள். மறு வருஷம் ராஜ்ய கவர்னர், அவரை வேலையிலிருந்து நீக்கியது அநியாயம் என்று ஒப்புக்கொண்டு, 20 வருஷத்துக்கு முன் போன பென்ஷனைத் திரும்பக் கொடுத்தார்.