ஆர் நதிப் பள்ளத்தாக்கில் ஒரு நடை

ஜேர்மனியிலே வாழும் மக்களையும் பேரப்பிள்ளைகளையும் காணச் செல்லும் எம்மவர் பலர், கொலோன் மாநகரின் பெருந் தேவாலயத்தைப் பார்த்து, றைன் நதியில் ஒரு கப்பற் பயணஞ் செய்து, அவ்வளவில் திரும்பி விடுகின்றனர். அதற்கு மேலும் காலுக்குச் சிறிது வேலை கொடுக்க விரும்புவோர்க்கென இவ்வாரம் ஒரு நடைபாதையை எடுத்துரைக்க எண்ணினோம். கொலோனுக்குத் தெற்கே, பொன் நகரையுங் கடந்து, றைனிலே வந்து கலக்கும் ஒரு சிற்றாற்றின் கரைமேல் அப்பாதை செல்கின்றது. ஆற்றின் பெயர் ஆர். ‘யார்’ என வினவுமிடத்து ‘ஆர்’ என்றே பேசிப் பழகிய நம் செவிக்கு அப்பெயர் ஒரு கேள்வி போலத் தொனிக்கும். இந்த ஆறு ஆர் என்பதை அதன் கரையில் வாழ்ந்தோரே முற்ற அறிந்திருந்தனரா என்பது வேறொரு கேள்வி.

ஐபெல் மேட்டுநிலத்திலே, பிளாங்கன்ஹைம் என்னும் ஊரில், மரச்சட்டங்களாற் கட்டிய ஒரு பழைய வீட்டின் நிலவறையில் ஆர் ஊற்றெடுக்கின்றது. அங்கிருந்து ஏறக்குறைய 85 கிலோமீற்றர் வளைந்து நெளிந்து ஓடிச் சின்சிக் நகருக்கருகே றைனை அடைகின்றது. கோடையிற் பல இடங்களில் முழங்காலளவு நீரே இருக்கும். பிள்ளைகள் கல்லுக்குக் கல் தாவி அக்கரை சேரலாம்.

இவ்வாற்றின் கீழ்ப்பகுதியில் வடகரை மலைச்சரிவுகள் தெற்கு நோக்கியவை. பள்ளிச் சிறுவர் முன்னாளில் எழுதிய சிலேற்றின் இனமான கருங்கல்லே அங்குள்ள நிலம். பகலெல்லாம் வெயிலை உண்டு, இரவிலே அச்சூட்டை வேருக்கும் கொடிக்கும் விட்டுக்கொடுப்பது அக்கல்லின் குணம். ஆகவேதான், பூமத்திய ரேகைக்கு வடக்கே 50 பாகைக்கும் அப்பாலுள்ள அக்குளிர்நாட்டிற் கருநிறக் கொடிமுந்திரிகை பழுக்கின்றது. ஜேர்மனியின் பிற பள்ளத்தாக்குகள் பெரும்பாலும் வெள்ளை வைனுக்குப் பேர்போனவை. ஆர் மாத்திரம் சிவப்புக்குப் பேர்போனது. செங்குத்தான சரிவுகளிற் சாந்து சேர்க்காது கல்லடுக்கிக் கட்டிய மதில்கள் படிப்படியாக மண்ணைத் தாங்கி நிற்க, அப்படிகளின் மேலே கொடிகள் வரிசையாக நிற்கும்.

நாம் குறித்த பாதை இக்கொடிகளினூடே செல்வது. செவ்வைன் நடைபாதை என்னும் பொருள்பட அதற்குப் பெயர் வைத்துள்ளனர். அல்தெனார் என்னும் ஊரிலிருந்து பாட் போடன்டோர்ப் வரை ஏறத்தாழ 35 கிலோமீற்றர். 1972ஆம் ஆண்டு தொடக்கம் வழக்கில் உள்ளது. வெண்ணிறத்தின்மேல் ஒரு செம்முந்திரிகைக் குலையே வழிகாட்டும் அடையாளம். ஒரே நாளில் முழுவதும் நடக்க முயல வேண்டாம். ஊர்கள் ஒவ்வொன்றும் நாலைந்து கிலோமீற்றரைத் தாண்டாத தூரத்திலேயே உள்ளன. வேண்டுமிடத்தில் இறங்கிக் கொள்ளலாம்.

இளைப்பாறும் இடங்களைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். பாதையோரம் ஆங்காங்கே மரவாங்குகளும் மழைக்கு ஒதுங்கக் கூரையிட்ட குடில்களும் உண்டு. அறுவடைக் காலத்து வாரவிடுமுறைகளில் முந்திரிகைச் செய்கையாளரே பாதையோரத்திற் சிறு கடை பரப்புவர். ஊருக்குள் இறங்கினால் இன்னொரு வகைக் கடையைக் காணலாம். செய்கையாளன் தன் வீட்டு முற்றத்தையே திறந்து, தன் தோட்டத்து வைனைத் தானே விற்பான். கடை திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளம் வாயிலிற் கட்டிய ஒரு தழைக்கொத்து. சட்டம் அவனுக்கு ஆண்டில் நாலு மாதமும் நாற்பது இருக்கையுமே அனுமதிக்கின்றது. அதற்கு மேற்பட்டால் அது விடுதி, வீடன்று. மது தொடாதோர் முகஞ் சுளிக்க வேண்டுவதில்லை. அதே பழத்தின் சாறு, புளிக்காதது, அங்கே கிடைக்கும். மரக்கறி உண்போர் மாத்திரம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெங்காய அப்பம் என்று ஒரு பண்டம் தருவர். பெயரைக் கேட்டு மயங்கலாகாது. பன்றியிறைச்சித் துண்டுகளை அதிற் சேர்ப்பது அங்குள்ள வழக்கம். கேட்டே வாங்குக.

பாதை தொடங்கும் அல்தெனாரில், ஊருக்கு மேலே ஆரே கோட்டையின் இடிபாடு நிற்கின்றது. ஏறக்குறைய 1100ஆம் ஆண்டில் எழுந்து, 1714இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அங்கிருந்து கீழே நோக்கினால் ஆறு பாறைகளை அரவணைத்து வளைந்து செல்லும் அழகு கண்ணை விட்டகலாது. ஆயினும் நாம் வாசகரை அங்கே சிறிது நேரம் நிறுத்துவது அவ்வழகுக்காக அன்று. ஆற்றுநீரின் உயரத்தை அளக்கும் நிலையம் ஒன்று அவ்வூரில் உண்டு. அதன் கணக்கு 1947இல் தொடங்கிற்று. அன்று முதல் அது கண்ட மிகப் பெரிய உயரம் 2016ஆம் ஆண்டிற் பதிந்த 3.71 மீற்றர். 2021ஆம் ஆண்டு யூலை 14ஆந் திகதி மாலை ஆறு அதனைக் கடந்தது. ஐந்து மீற்றரையும் கடந்தது. பின்னர் அளவுகருவியே செயலற்றுப் போயிற்று. அவ்விரவு நீர் 9 முதல் 10 மீற்றர் வரை உயர்ந்திருக்கும் எனப் பின்பு கணித்தனர்.

ஐபெல் மேட்டில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தது. நம் நாட்டு மாரியை அறிந்தோர்க்கு இது பெருந்தொகையாகத் தோன்றாது. ஆனால் நிலமோ ஏற்கெனவே நீர் குடித்து நிரம்பியிருந்தது. சரிவுகளோ செங்குத்து. பள்ளத்தாக்கோ ஒடுக்கம். அடித்து வந்த மரங்களும் வண்டிகளும் பாலந்தோறும் சிக்கி அணையாகி, பின் உடைந்து, அலையலையாக ஊர்கள்மேல் விழுந்தன. அப்பள்ளத்தாக்கில் மாத்திரம் 130க்கு மேற்பட்டோர் மாண்டனர். நள்ளிரவு அணுகிய வேளையில் வந்த அறிவித்தல், ஆற்றின் இருமருங்கும் 50 மீற்றருக்குள் இருப்போர் வெளியேறுக என்றது. சின்சிக்கில் மாற்றுத்திறனாளர் வாழ்ந்த ஓர் இல்லம் அவ்வெல்லைக்கு வெகு அப்பால் இருந்தது. அங்கே கீழ்த்தளத்திலே பன்னிருவர் இறந்தனர்.

பாதையைத் தொடர்வோம். அடுத்து வருவது மைஷோஸ். பாறைக்குன்றின்மேல் 1081இலேயே ஏடுகளிற் பெயர் பெற்ற சாபன்பர்க் கோட்டையின் எச்சம் நிற்கின்றது. ஆனால் எம் மதிப்பில் அவ்வூரின் பெருமை கோட்டையன்று, கூட்டுறவு. வணிகர் சொன்னதே விலை என்றிருந்த வறிய செய்கையாளர் 1868இல் ஒன்றுகூடி ஒரே நிலவறையில் தம் பழத்தைப் பிழிந்து விற்கத் தொடங்கினர். இத்தகைய சங்கங்களுள் இன்றுவரை நிலைத்திருப்பவற்றில் மிகப் பழையது இதுவே என்பர். 2021இல் அந்நிலவறையிலும் சேறு நிறைந்தது.

அதனையடுத்த ரெக் என்னும் சிற்றூரில் 2023 வரை ஒரு கற்பாலம் இருந்தது. பாலங்களின் காவலராக அந்நாட்டுக் கத்தோலிக்கர் போற்றும் நெபொமுக் முனிவர் பெயரால் வழங்கிய அப்பாலம் 1723ஆம் ஆண்டுக்குரியது. 1910ஆம் ஆண்டு யூன் மாதத்து வெள்ளம் ஆற்றின் பாலங்களை வாரிக்கொண்டு போனபோது அது தப்பி நின்றது. 2021இல் அதன் ஒரு பகுதி இடிந்தது. எஞ்சியதைப் பேணிப் புதுப்பிக்க வேண்டுமென்று பழமை காப்போர் வாதாடினர். அதன் தடித்த தூண்களும் குறுகிய வளைவுகளும் அடுத்த வெள்ளத்திலும் மரங்களை மறித்து ஊரை மூழ்கடிக்குமென்று ஊரவர் அஞ்சினர். 2023இல் இடித்து அகற்றினர். முந்நூறு ஆண்டுக் கல்லுக்காக எம் நெஞ்சும் வருந்துகின்றது. எனினும் அவ்வூரவர் செய்தது தவறென்று கூற எமக்கு நா எழவில்லை.

1910 என்றோம். அவ்வாண்டில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். மேற்பள்ளத்தாக்கிற் புகையிரதப் பாதை அமைக்க வந்த கூலித்தொழிலாளர் அவர்களுட் பலர். அதற்கும் முன்னர், 1804ஆம் ஆண்டு யூலை 21இல் வந்த வெள்ளம் இன்னும் பெரிது. 63 உயிர்களும் 129 வீடுகளும் 18 ஆலைகளும் போயின. இவை மறைந்த செய்திகளல்ல, ஏடுகளில் இருந்தன. பொன் பல்கலைக்கழகப் புவியியலாளர் இப்பழைய குறிப்புகளையும் வெள்ளக் குறிகளையும் கொண்டு 1804இல் ஓடிய நீர் விநாடிக்கு ஆயிரங் கன மீற்றருக்கு மேல் இருந்திருக்கும் என்று கணித்து 2014இலேயே வெளியிட்டனர். அது 2021இன் வெள்ளத்துக்கு நிகரானது. ஆனால் எவ்விடத்தில் வீடு கட்டலாம், எவ்விடம் ஆபத்து என வரைந்த அரசினர் படங்களோ 1947க்குப் பிந்திய அளவுகளையே நம்பின. கருவி பிறக்குமுன் வந்த வெள்ளம் கணக்கிற் சேரவில்லை. வரலாறு கற்பிப்போராகிய எமக்கு இது கசப்பான செய்தி. 1910க்குப் பின்னர், 1920களில், மேற்பகுதியில் வெள்ளந் தடுக்கும் அணைகள் கட்டத் திட்டமும் இருந்தது. அவை எழவில்லை. அம்மேட்டுநிலத்தில் 1925 முதல் 1927 வரை எழுந்தது நூர்பர்க்ரிங் என்னும் மோட்டார்ப் பந்தயப் பாதை.

டேர்னவ் ஊரின் வீடுகளிற் பெரும்பாலானவற்றுள் வெள்ளம் புகுந்தது. சேறு பூசிய போத்தல்களைக் கழுவாமலே ‘வெள்ள வைன்’ என விற்றுப் பள்ளத்தாக்கினர் நாற்பது இலட்சம் யூரோவுக்கு மேல் உதவி திரட்டியமை அக்காலத்தே பெரிதும் பேசப்பட்டது. சரிவிலே நின்ற கொடிகள் பெரும்பாலும் தப்பின. தட்டையான ஆற்றோரக் கொடிகளே அழிந்தன.

அப்பால் மரியன்தால். 1137இல் நிறுவிய கன்னியர் மடத்தின் இடிந்த சுவர்கள் அங்குண்டு. அதனருகே மலையினுள்ளே இருப்பது வேறொரு காலத்தின் சின்னம். முற்றுப்பெறாத புகையிரதச் சுரங்கங்களில், 1960களில், அணுவாயுதப் போர் வந்தால் மேற்கு ஜேர்மன் அரசாங்கம் ஒளிந்திருக்க 17 கிலோமீற்றருக்கு மேல் நீளமான காப்பறைகளைக் கட்டினர். மூவாயிரம் பேர் முப்பது நாள் உயிர்தரிக்க ஏற்பாடு. வராத போருக்கு மலையைக் குடைந்தனர். இருமுறை வந்த வெள்ளத்துக்கு அணை கட்டிலர். 2008 முதல் அதன் ஒரு பகுதி காட்சிசாலையாக உள்ளது.

அதே மலையடியில், ஆர்வைலர் நகரின் ஓரத்தில், 1980இற் பெருந்தெரு அமைக்கும்போது உரோமர் மாளிகை ஒன்று வெளிப்பட்டது. சரிந்த மண் மூடிக் காத்தமையால் ஆளுயரத்துக்கு மேலான சுவர்களும் வண்ணப் பூச்சும் தரைக்கீழ் வெப்பமூட்டும் அமைப்பும் இன்றும் காணலாம். அவர்கள் வீடெடுத்தது ஆற்றங்கரையிலன்று, சரிவிலே. ஆர்வைலரின் பழைய மதிலும் நாலு வாயில்களும் மத்திய காலத்தவை. பகைவரைத் தடுத்த அவ்வாயில்கள் வழியே 2021இல் நீர் உட்புகுந்தது.

அதற்குப் பின் பாதை இளகித் தாழ்கின்றது. பார்க்க அதிகமில்லை. களைத்தோர் ஆர்வைலரிலேயே நிறுத்திக் கொள்ளலாம்.

செல்லத் தகுந்த காலம் செத்தெம்பரும் ஒற்றோபரும். இலை சிவந்து பொன்னிறமாகும். உரப்பான அடியுள்ள சப்பாத்து வேண்டும். நனைந்த சிலேற்று வழுக்கும். இடிந்த வீடுகளிற் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே மீளக் கட்ட விட்டனர். கட்டக்கூடாதென விலக்கியவை சில பத்துகளே. ஆதலால் ஊருக்குள் இறங்குவோர் புதுச்சாந்து பூசிய வீடுகளையே எங்கும் காண்பர். அவற்றின் சுவர்களில், தலைக்கு மேலே, சிலவிடத்து முதல் மாடி யன்னலின் உயரத்தில், ஒரு கோடும் ஒரு திகதியும் இருக்கும். தழைக்கொத்துக் கட்டிய முற்றத்தில் அமர்ந்து சாறு பருகும்போது அக்கோடு எங்கேயென்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். எழுந்து வந்து கையால் தொட்டுக் காட்டுவர்.