முதற் கேள்வியைக் கேட்காத முன்னோட்டங்கள்

நவம்பர் மாதத்து முதலாம் செவ்வாய்க்கிழமை நெருங்கும்போதெல்லாம் உலகின் பல மூலைகளிலும் உள்ள பத்திரிகைகள் ஒரே அச்சில் வார்த்த கட்டுரையொன்றை வெளியிடுகின்றன. மெல்பேர்ண் நகரின் பிளெமிங்டன் திடலில், புல்தரையில், 3200 மீற்றர் தூரம் ஓடவிருக்கும் குதிரைகள் பற்றிய முன்னோட்டம் அது. கூடிய பட்சம் 24 குதிரைகள். பெயர், வயது, பயிற்றுநர், ஜொக்கி, முதுகில் ஏற்றப்படும் சுமை, கடைசி ஓட்டத்தில் எத்தனையாவது இடம், புக்கிகள் கொடுக்கும் விலை என்று ஒரு பட்டியல். பிறகு கட்டுரையாளர் நான்கு பெயர்களைப் பொறுக்கியெடுத்து, இவற்றுள் ஒன்றுதான் கிண்ணத்தைக் கொண்டுபோகும் என்று அடித்துச் சொல்லிவிடுவார். மறுநாள் ஐந்தாவது குதிரையொன்று வென்றிருக்கும். அதைப் பற்றி அவர் ஒரு வரியும் எழுதமாட்டார். அடுத்த ஆண்டு அதே நிச்சயத்தோடு மீண்டும் வருவார்.

ஆரூடம் பொய்ப்பது குற்றமல்ல. நீண்ட தூரப் பந்தயத்தில் ஆரூடம் பொய்ப்பதே வழக்கம். என் குற்றச்சாட்டு வேறு. இந்த உடம்பு, இந்தச் சுமையோடு, இந்தத் தூரத்தைத் தாங்குமா என்பதே ஒரு குதிரையைப் பற்றிக் கேட்கப்படவேண்டிய முதற் கேள்வி. முன்னோட்டம் எழுதுபவர்கள் அதை மட்டும் கேட்பதில்லை. கேட்பதற்கு வேண்டிய விபரங்கள் அவர்களுடைய மேசையிலேயே கிடக்கின்றன என்பதுதான் எரிச்சலூட்டுகிறது.

குதிரைப் பந்தயத்துக்கும் தமிழ் வாசகருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போர் இருக்கக்கூடும். மெல்பேர்ணில் வாழும் எம்மவர்களுக்கு அன்று பொது விடுமுறை. அவுஸ்திரேலியாவின் ஏனைய நகரங்களிலே அலுவலகத்தில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு இழுத்து ஒரு குதிரையைச் சொந்தமாக்கிக்கொள்ளும் சடங்குக்கு எந்தத் தமிழரும் தப்புவதில்லை. கொழும்பிலோவெனில், பிரித்தானியாவில் ஓடும் குதிரைகளுக்கு இங்கே பணம் கட்டும் புக்கிக் கடைகளின் வாசலில் ரேஸ் தாளை நான்காக மடித்துக் கையில் பிடித்தபடி நிற்கும் மனிதரை அறியாதவர் யார்? நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்தில் மட்டும் குதிரையைக் கண்ணாற் காணும் ஒரு நாட்டில், ஆண்டு முழுவதும் காணாத குதிரைகள்மீது அன்றாடக் கூலி கட்டப்படுகின்றது. அந்த மனிதருக்குக் கிடைக்கும் ஒரே அறிவு, முன்னோட்டம் எழுதுபவர் தருவதுதான்.

சுமையிலிருந்து தொடங்குவோம். மெல்பேர்ண் கிண்ணம் ஒரு ஹண்டிகப் பந்தயம். திறமையான குதிரைக்குக் கூடுதற் சுமையும் சாதாரண குதிரைக்குக் குறைந்த சுமையும் கொடுத்து, எல்லாக் குதிரைகளும் கோட்டருகே ஒன்றாக வந்துசேர வேண்டும் என்பதற்காகவே ஒரு நிபுணர் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். ஆகக் குறைந்த சுமை 50 கிலோ. அதாவது, யார் வெல்வார் என்று சொல்ல முடியாதபடி திட்டமிட்டு ஒழுங்குசெய்யப்பட்ட போட்டி இது. அதிலே நிச்சயமான வெற்றியாளரைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்பவர் ஒன்றில் அந்த நிபுணரை முட்டாளாக்குகிறார், அல்லது வாசகரை.

பழைய காலத்துச் சுமைகளை இன்று நினைத்துப் பார்க்கவும் முடியாது. 1890இல் கார்பைன் என்ற குதிரை ஏறத்தாழ 66 கிலோ சுமையோடு 39 குதிரைகள் ஓடிய பந்தயத்தில் வென்றது. 1930இல் ஃபார் லாப் ஏறத்தாழ 62.5 கிலோவுடன் வென்றது. மறு ஆண்டு அதன் முதுகில் 68 கிலோவை ஏற்றினார்கள், எட்டாவதாக வந்தது. குதிரை அதே குதிரைதான். 2003, 2004, 2005 என்று மூன்று முறை தொடர்ந்து வென்ற மக்பி டீவா என்ற பெண் குதிரை மூன்றாம் தடவை 58 கிலோ சுமந்தது. இதற்கு எதிர்ப்புறத்தில், 2017இல் வென்ற ரீகிண்ட்லிங்கின் முதுகில் 51.5 கிலோ, 2018இல் வென்ற கிராஸ் கவுண்டரின் முதுகில் 51 கிலோ. இரண்டும் ஐரோப்பாவிலிருந்து வந்த இளங்குதிரைகள். வட பாதிக்கோளத்திலே குதிரையின் வயது ஜனவரி 1ஆம் திகதியிலிருந்தும், தென் பாதிக்கோளத்திலே ஆகஸ்ட் 1ஆம் திகதியிலிருந்தும் கணக்கிடப்படுகின்றது. ஐரோப்பியக் கணக்கில் மூன்று வயதான நல்ல குதிரையொன்று இலேசான சுமையோடு பிளெமிங்டனுக்கு வந்து நிற்பது எவ்வளவு பெரிய அனுகூலம் என்பதை ரீகிண்ட்லிங்கின் பயிற்றுநரான ஜோசப் ஓபிரையன் என்ற ஐரிஷ்காரர் 24 வயதிலேயே புரிந்துகொண்டு, தம் தந்தை எய்டன் ஓபிரையனின் குதிரையை இரண்டாமிடத்துக்குத் தள்ளினார். முன்னோட்டக்காரர்களோ தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான பாசக்கதையை எழுதுவார்களே தவிர, இந்தக் கணக்கை வாசகருக்கு அவிழ்த்துக் காட்டுவது அரிது.

அடுத்தது தூரம். அவுஸ்திரேலியாவில் குதிரை வளர்ப்போரின் பணம் குறுந்தூர ஓட்டக்காரர்களிடமே குவிகின்றது. இரண்டு வயதுக் குதிரைகளுக்கான கோல்டன் சிலிப்பர் 1200 மீற்றர், 2017இல் தொடங்கிய எவரெஸ்ட் பந்தயமும் 1200 மீற்றர். தொடர்ச்சியாக 33 வெற்றிகளைக் கண்ட விங்ஸ் 2040 மீற்றர் கொக்ஸ் பிளேட்டை நான்கு முறை வென்றது. மெல்பேர்ண் கிண்ணத்தில் அது ஒருமுறையேனும் ஓடவில்லை. அதன் சொந்தக்காரருக்கும் பயிற்றுநருக்கும் தெரிந்த ஒன்று, புகழை மட்டும் பார்த்து எழுதுபவருக்குத் தெரிவதில்லை. கிண்ணத்துக்கு வரும் உள்ளூர்க் குதிரைகளுட் பல, 2400 மீற்றருக்கு மேல் ஓடிப் பார்க்காமலே வருகின்றன. எஞ்சிய 800 மீற்றரில் என்ன நடக்கும் என்பதை அவற்றின் பயிற்றுநர்களும் அறியார்.

வமிசாவளியைக் காட்டித் தூரத்தை அளந்துவிடலாம் என்று நினைப்பதும் இன்னொரு மயக்கம். 2024இல் வென்ற நைட்ஸ் சொய்ஸின் தந்தை எக்ஸ்ட்ரீம் சொய்ஸ், 1200 மீற்றர் வெற்றியால் அறியப்பட்ட குறுந்தூரக் குதிரை. இத்தகைய தந்தைக்குப் பிறந்தது 3200 மீற்றர் ஓடுமா என்று புக்கிகள் 1க்கு 90 விலை கொடுத்தார்கள். அதுவோ ஜப்பானிய வார்ப் ஸ்பீட்டை மயிரிழையில் முந்தியது. 2015இல் 1க்கு 100 விலையில் பிரின்ஸ் ஒஃப் பென்சான்ஸ் வென்றபோதும், அந்தக் கிண்ணத்தை வென்ற முதற் பெண் ஜொக்கியாக மிஷேல் பெயின் திகழ்ந்தார் என்பதால் எல்லோரும் அவரைப் போற்றினார்களே தவிர, நேற்றுவரை அந்தக் குதிரையை ஏன் பட்டியலின் அடியில் போட்டோம் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

இதுவரை சொன்னவை பணம் சம்பந்தப்பட்டவை. இனிச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது.

2014ஆம் ஆண்டின் முன்னோட்டங்கள் அனைத்திலும் முதலிடத்தில் நின்ற பெயர் ஜப்பானின் அட்மையர் ரக்தி. அந்த ஆண்டு 2400 மீற்றர் கோல்பீல்ட் கிண்ணத்தை வென்று வந்த குதிரை, பந்தயத்தின் அதிகூடிய சுமையான 58.5 கிலோவோடு ஓடியது. கடைசியாக வந்தது, லாயத்துக்குத் திரும்பியதும் சரிந்து விழுந்து இறந்தது. இதயத் துடிப்புக் குழம்பியதே காரணம் என்று கண்டறியப்பட்டது. அதே பந்தயத்தில் ஓடி முடித்த அரால்டோ என்ற குதிரை, பார்வையாளர் ஒருவர் அசைத்த கொடிக்கு மிரண்டு, காலை முறித்துக்கொண்டு மடிந்தது. அதற்கு முந்திய ஆண்டு வெரேமா. 2015இல் ரெட் கடோ. மூன்று முறை இரண்டாமிடம் பெற்று எல்லோருடைய அன்பையும் சம்பாதித்த அந்த ஒன்பது வயதுக் கிழவன் பந்தயத்தில் காயப்பட்டுச் சில வாரங்களில் இறந்தது. 2018இல் கிளிஃப்ஸ் ஒஃப் மோஹர். 2020இல், அதற்கு முந்திய ஆண்டில் எப்சம் டேர்பியை வென்ற அந்தனி வான் டைக், மீண்டும் அந்த அதிகூடிய 58.5 கிலோவோடு ஓடிக் குளம்புக்கு மேலுள்ள மூட்டு முறிந்து முடிந்தது. எட்டு ஆண்டுகளில் ஆறு குதிரைகள். வெற்றிச் செய்திக்கு எத்தனை பத்தி, இறந்த குதிரைக்கு எத்தனை பத்தி என்று பழைய பக்கங்களைப் புரட்டி எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் விளையாட்டுப் பக்க ஆசிரியர்கள்.

இது மெல்பேர்ணுக்கு மட்டும் உரியதல்ல. 2002இல் அங்கே கிண்ணத்தை வென்ற மீடியா பசில், 2006இல் இங்கிலாந்தின் அஸ்கொட் தங்கக் கிண்ணப் பந்தயத்திலே கால் முறிந்து கருணைக்கொலை செய்யப்பட்டது. அஸ்கொட்டில் தூரம் இன்னும் அதிகம், ஏறத்தாழ 4000 மீற்றர்.

அந்தனி வான் டைக்கின் மரணத்துக்குப் பின் விக்டோரியா மாநிலப் பந்தய அதிகாரிகள் விசாரணை நடத்தி, 2021இலிருந்து வெளிநாட்டுக் குதிரைகளின் கால்களைச் சீ.டி. ஸ்கான் செய்த பின்னரே ஓட அனுமதிப்பது என்ற நடைமுறையைக் கொண்டுவந்தார்கள். அன்று தொடங்கியது இன்னொரு புலம்பல். ஐரோப்பாவின் பெரிய பெயர்கள் வருவதில்லை, கிண்ணத்தின் பளபளப்புப் போய்விட்டது, மருத்துவர்கள் பந்தயத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று எழுதுகிறார்கள். 2024இல் இந்தப் புலம்பலுக்கு நல்ல ஆயுதம் ஒன்றும் கிடைத்தது. இங்கிலாந்தின் சென். லெஜர் பந்தயத்தை வென்று, தோல்வியே காணாமல் வந்த ஜான் புரூகல் என்ற குதிரையை ஸ்கான் பார்த்த மருத்துவர்கள் ஓட விடவில்லை. பயிற்றுநர் எய்டன் ஓபிரையன் வெளிப்படையாகவே கண்டித்தார். 2025 ஜூனில் அதே குதிரை எப்சம் திடலில் கொரோனேஷன் கிண்ணத்தை வென்றதும், பார்த்தீர்களா, மருத்துவர்கள் தவறிழைத்துவிட்டார்கள் என்ற குரல் உரத்தது.

இந்த வாதத்தின் ஓட்டை எளிதில் தெரிவது. எப்சத்தில் ஓடப்பட்டது 2400 மீற்றர், ஏழு மாதங்களுக்குப் பின்னர், சொந்தக் கண்டத்தில். மெல்பேர்ணில் அன்று ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு எப்சம் விடை சொல்லாது. ஒதுக்கப்பட்ட பத்துக் குதிரைகளுள் ஒன்பது ஓடியிருந்தாலும் உயிரோடு திரும்பியிருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், பத்தாவது எது என்று முன்கூட்டிச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லையே! ஓபிரையனின் கோபத்தை விளங்கிக்கொள்ளலாம்; இவ்வளவு தூரம் விமானத்தில் குதிரையைக் கொண்டுவந்தவர் அவர். பத்திரிகையாளருக்கு அந்தக் கோபம் எதற்கு? 2021 முதல் 2025 வரையான ஐந்து கிண்ணப் பந்தயங்களிலே ஒரு குதிரையும் சாகவில்லை. ஐந்து ஆண்டுகளை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக்கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். புலம்புகிறவர்கள் அந்த ஐந்து ஆண்டுகளைக் குறிப்பிடவே மறுப்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது.

பளபளப்புப் போய்விட்டது என்பதும் மெய்யல்ல. 2024இல் அவுஸ்திரேலியாவில் பிறந்த நைட்ஸ் சொய்ஸ் வென்றது. 2025இல் அவுஸ்திரேலியாவில் பிறந்த ஹாஃப் யுவர்ஸ், கோல்பீல்ட் கிண்ணத்தையும் மெல்பேர்ண் கிண்ணத்தையும் ஒரே பருவத்தில் வென்றது. இரண்டிலும் ஓட்டியவர் ஜேமி மெல்ஹாம் என்ற பெண். உள்ளூர் நீண்ட தூரக் குதிரை செத்துவிட்டது என்று முப்பது ஆண்டுகளாக, அதாவது 1993இல் அயர்லாந்தின் வின்டேஜ் குரொப் வந்து வென்ற நாளிலிருந்து, இரங்கல் எழுதியவர்களே இப்போது வெளிநாட்டுக் குதிரை வரவில்லையே என்று இரங்கல் எழுதுகிறார்கள்.

பந்தயத்தையே தடைசெய்ய வேண்டும் என்று அவுஸ்திரேலியாவில் ஒரு சாரார் குரல் கொடுக்கிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. 1861இல் ஆர்ச்சர் என்ற குதிரை வென்ற நாளிலிருந்து, இரண்டு மைல் என்பது 1972இல் 3200 மீற்றராகி ஏறத்தாழ 19 மீற்றர் குறைந்ததைத் தவிர, தூரம் மாறாமல் ஓடிவரும் போட்டி அது. நல்ல நீண்ட தூரக் குதிரை கடைசி நேர்கோட்டில் தலையை நீட்டி வரும் காட்சிக்கு ஈடான விளையாட்டுக் காட்சிகள் அதிகமில்லை. ஆனால் தடை கோருபவர்களுக்கு ஆண்டுதோறும் புதிய நியாயத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் யார் என்று பார்த்தால், ஸ்கானைத் திட்டி எழுதும் பந்தயப் பிரியர்களே முன் வரிசையில் நிற்கிறார்கள்.

பக்கத்தின் ஒரு பாதியில் முன்னோட்டம், மறுபாதியில் புக்கி நிறுவனத்தின் விளம்பரம் என்ற அமைப்பில், எந்தக் குதிரை ஓடக்கூடாது என்று எழுதுவது சங்கடமானதுதான். விலை குறைந்த குதிரையைக் காட்டுவதால் யாருக்கும் நட்டமில்லை, வாசகரைத் தவிர.

ஆகவே அடுத்த நவம்பரில் முன்னோட்டம் ஒன்றைக் கையிலெடுக்கும் வாசகர், நான்கு பெயர்களுக்குத் தாவுவதற்கு முன்பாகச் சிலவற்றைத் தேடிப் பார்க்கட்டும். இந்தக் குதிரை 2400 மீற்றரைத் தாண்டி எப்போதாவது ஓடியிருக்கிறதா? சென்ற முறையைவிட இம்முறை எத்தனை கிலோ கூட? இரண்டு ஓட்டங்களுக்கிடையே நீண்ட இடைவெளி இருந்தால், அந்த மாதங்களில் அது புல்வெளியில் மேய்ந்ததா, மருத்துவரிடம் இருந்ததா? ஸ்கான் முடிவு என்ன? அந்த முன்னோட்டத்தில் இவற்றுக்கு விடை இல்லையென்றால், எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம். முகவரி வழக்கமாகக் கட்டுரையின் அடியில் இருக்கும்.