மனுவை வாங்க மறுத்த மன்னன்

அமெரிக்கப் புரட்சி என்றதும் பள்ளிக்கூடத்தில் படித்த நாலு வரிதான் நம்மில் பலருக்கும் ஞாபகம் வரும். தேயிலைக்கு வரி போட்டான், பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டினாங்க, சண்டை வந்தது, சுதந்திரம் கிடைத்தது. அவ்வளவுதான் கதை.

கதையை இப்படிச் சுருக்கிச் சொல்வது ஆளுகிறவர்களுக்கு ரொம்ப வசதி. "நாலு பேரு தூண்டிவிட்டாங்க, கூட்டம் கிளம்பிடுச்சு" என்று முடித்துவிடலாம். எந்த நாட்டில் எந்தப் போராட்டம் நடந்தாலும் அதிகாரத்தின் வாயிலிருந்து முதலில் வருவது இந்த வசனம்தானே? அன்றைக்கு லண்டனில் இருந்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். பாஸ்டனில் சாமுவேல் ஆடம்ஸ் மாதிரி சில கலகக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களை ஒடுக்கினால் ஊர் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டார்கள்.

அந்தக் கணக்கு ஏன் தப்பானது? வருஷ வாரியாகப் பார்ப்போம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1763. ஏழாண்டுப் போரில் பிரான்ஸ் தோற்றது. கனடா பிரிட்டன் கைக்கு வந்தது. அப்போது வட அமெரிக்காவின் 13 குடியேற்றங்களில் விடுதலை இயக்கம் என்று ஒன்று கிடையாது. அங்கிருந்த வெள்ளையர்கள் தங்களை ஆங்கிலேயர் என்றே சொல்லிக்கொண்டார்கள். ராஜாவின் வெற்றியைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடினார்கள்.

ஆனால் அந்தப் போரில் பிரிட்டனின் கடன் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. அமெரிக்காவில் நிறுத்திவைத்த படைக்கும் செலவு இருக்கு. காசுக்கு எங்கே போவது? 1765-ல் முத்திரை வரிச் சட்டம் வந்தது. பத்திரிகை, நிலப் பத்திரம், வழக்குத் தாள், உரிமம், சீட்டுக்கட்டு, பகடைக்காய் எல்லாவற்றுக்கும் வரி.

அதுக்கு முன்னாடி அந்த மக்கள் வரியே கட்டவில்லையா? கட்டினார்கள். தாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சட்டமன்றங்கள் விதித்த வரியைக் கட்டினார்கள். இப்போது வரி போட்டது, அவர்கள் ஒரே ஒரு உறுப்பினரைக்கூட அனுப்ப முடியாத ஒரு நாடாளுமன்றம். பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு லண்டன் சொன்ன பதில் என்ன தெரியுமா? அரசாங்கத்துக்காக வாதாடிய தாமஸ் வேட்லி, "மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்தான் உறுப்பினர் இல்லை, நாடாளுமன்றம் எல்லாருக்கும் சேர்த்துத்தான் யோசிக்கிறது" என்ற ரீதியில் எழுதினார். பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சோறு போடலை, அதனால உனக்குப் பசிக்கக் கூடாது என்கிற மாதிரியான நியாயம் இது!

மக்கள் என்ன செய்தார்கள்? சில ஊர்களில் முத்திரைத்தாள் விற்க நியமிக்கப்பட்டவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. அதை மறைக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு அக்டோபரில் 9 குடியேற்றங்களின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடினார்கள். மன்னருக்கும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் பணிவாக மனு எழுதினார்கள். பிரிட்டிஷ் சரக்கு வேண்டாம் என்று வியாபாரிகள் முடிவெடுத்தார்கள். விற்பனை படுத்ததும் பிரிட்டன் வியாபாரிகளே அலறினார்கள். 1766 மார்ச்சில் சட்டம் ரத்தானது.

மக்கள் கொண்டாடினார்கள். ஆனால் ரத்து செய்த கையோடு இன்னொரு சட்டமும் நிறைவேறியது. குடியேற்றங்கள் மீது எந்த விஷயத்திலும் எந்தச் சட்டம் போடவும் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று அறிவித்த சட்டம். வரியைத் திரும்பப் பெற்றார்கள், வரி போடும் திமிரைத் திரும்பப் பெறவில்லை.

அடுத்த ஆண்டே அந்தத் திமிர் வேலையைக் காட்டியது. 1767-ல் கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலைக்கு வரி. மறுபடியும் மனு, மறுபடியும் புறக்கணிப்பு. பெண்கள் வீட்டிலேயே நூல் நூற்று, பிரிட்டிஷ் துணியை ஒதுக்கினார்கள். அரசு அனுப்பிய பதில் 1768-ல் பாஸ்டனில் வந்திறங்கிய படை. 1770 மார்ச் 5 அன்று அந்தப் படை சுட்டதில் 5 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்பஸ் அட்டக்ஸ், ஆப்பிரிக்க, பூர்வகுடி வம்சாவளி கொண்ட உழைப்பாளி.

அதே ஆண்டு மற்ற வரிகள் நீக்கப்பட்டன. தேயிலை வரி மட்டும் வைக்கப்பட்டது. எதற்கு? "எங்களுக்கு அதிகாரம் இருக்கு" என்று காட்டுவதற்கு.

இனிதான் தோழர்களே, பாடப்புத்தகம் விட்டுவிட்ட இடம். நமக்கும் இந்தக் கதைக்கும் உள்ள தொடர்பும் இங்கேதான் இருக்கிறது.

அந்தத் தேயிலை யாருடையது? கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. சென்னையில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த அதே கம்பெனி. 1765-ல் வங்காளத்தில் வரி வசூலிக்கும் உரிமையைப் பிடுங்கிக்கொண்ட அதே கம்பெனி. 1770-ல் வங்காளம் பஞ்சத்தில் மடிந்தபோதும் வசூலை நிறுத்தாத அதே கம்பெனி. இவ்வளவு சுருட்டியும் 1772-ல் திவாலாகும் நிலைக்கு வந்தது. லண்டன் கிடங்குகளில் விற்காத தேயிலை மலையாகக் குவிந்து கிடந்தது.

கம்பெனியைக் காப்பாற்ற 1773-ல் தேயிலைச் சட்டம் வந்தது. அமெரிக்காவுக்கு நேரடியாகக் கொண்டுபோய் விற்கலாம் என்று கம்பெனிக்குச் சலுகை. இதனால் தேயிலை விலை என்ன ஆகும்? குறையும்! கடத்தல் தேயிலையைவிடவே மலிவாகக் கிடைக்கும்.

இப்போது சொல்லுங்கள். விலை குறைந்த தேயிலையை எதற்காக ஒருத்தன் கடலில் கொட்டுவான்? காசுக்காக மட்டும் போராடியவன் என்றால் வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருப்பான். கடத்தல் வியாபாரிகளுக்கு நஷ்டம் என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் மலிவு விலையைக் காட்டி நம் உரிமையை எழுதி வாங்கப் பார்க்கிறார்கள் என்று சாதாரண மக்களுக்கும் புரிந்துவிட்டது. பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் புனைபெயரில் எழுதிய கடிதத்தில், வங்கத்தில் இந்தக் கம்பெனி செய்த கொடுமையைச் சுட்டிக்காட்டி, அடுத்த வேட்டை நாம்தான் என்று எச்சரித்தார். வங்காளத்தின் பசி பாஸ்டனின் கோபத்துக்குள்ளும் இருந்தது, தோழர்களே! 1773 டிசம்பர் 16 இரவு 3 கப்பல்களிலிருந்த 342 தேயிலைப் பெட்டிகள் கடலுக்குப் போயின.

அடுத்த மாதம் லண்டனில் ஒரு காட்சி. 1774 ஜனவரி 29. ஆளுநர் ஹட்சின்சனை நீக்கக் கோரும் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தின் மனுவுக்காக, மன்னரின் ஆலோசனை சபை முன்னால் பெஞ்சமின் பிராங்க்ளின் நிற்கிறார். 68 வயது. உலகம் மதித்த விஞ்ஞானி. பேரரசு உடையக் கூடாது என்று கடைசிவரை பாடுபட்டவர். ஆளுநரின் அந்தரங்கக் கடிதங்களை பாஸ்டனுக்கு அனுப்பியவர் இவர்தான் என்பது சபையின் ஆத்திரம். அரசு வழக்கறிஞர் வெடர்பர்ன் ஒரு மணி நேரம்போல் அவரைத் திட்டித் தீர்க்க, சபையில் இருந்தவர்கள் சிரித்து ரசித்தார்கள். பிராங்க்ளின் ஒரு வார்த்தை பேசவில்லை. மனு தள்ளுபடி. அவர் வகித்த அஞ்சல் துறைப் பதவியும் பறிப்பு.

சமரசம் பேச வந்த பெரியவரை அவமானப்படுத்தி எதிரியாக்கி அனுப்பிவைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

அப்புறம் தண்டனைச் சட்டங்கள். பாஸ்டன் துறைமுகத்துக்குப் பூட்டு. ஊர்க்கூட்டம் போட ஆளுநரின் அனுமதி வேண்டும். ஒரு ஊரைத் தனிமைப்படுத்தினால் மற்ற ஊர்கள் பயப்படும் என்று நினைத்தார்கள். நடந்தது நேர்மாறு. தெற்கு கரோலினாவிலிருந்து அரிசி வந்தது. கனெக்டிகட்டிலிருந்து ஆடுகள் வந்தன. 1774 செப்டம்பரில் 12 குடியேற்றங்கள் பிலடெல்பியாவில் ஒன்றுகூடின. அங்கேயும் விடுதலை கேட்கவில்லை, மன்னருக்கு இன்னொரு மனுதான்!

1775 ஏப்ரல் 19, லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது. ரத்தம் சிந்திய பிறகும், அந்த ஜூலையில் கடைசியாக ஒரு சமாதான மனு அனுப்பினார்கள். மூன்றாம் ஜார்ஜ் அதை வாங்கவே மறுத்தார். ஆகஸ்ட் 23 அன்று அவர்கள் எல்லாரும் கலகக்காரர்கள் என்று பிரகடனம் செய்தார்.

அதுவரை ராஜா நல்லவர், மந்திரிகள்தான் கெட்டவர்கள் என்று நம்பியவர்களின் நம்பிக்கையை ராஜாவே உடைத்தார். 1776 ஜனவரியில் தாமஸ் பெயின் எழுதிய சிறு பிரசுரம், ராஜாவே எதற்கு என்று கேட்டது. இந்த பெயின் யார்? இங்கிலாந்தில் கலால் வரி ஊழியராக இருந்து, சக ஊழியர்களுக்குச் சம்பள உயர்வு கேட்டு நாடாளுமன்றத்துக்குக் கோரிக்கை எழுதியவர். கோரிக்கை எடுபடவில்லை, பிறகு 1774-ல் வேலையும் போய் அமெரிக்கா வந்தவர். மனு கொடுத்துத் தோற்ற இன்னொரு ஆள்! 1776 ஜூலை 4 பிரகடனத்தில் மன்னர் மீது 27 குற்றச்சாட்டுகள். அத்தோடு, நாங்கள் கொடுத்த மனுக்களுக்கெல்லாம் மேலும் மேலும் கொடுமையே பதிலாக வந்தது என்றும் பதிவு செய்தார்கள்.

இந்தப் புரட்சியை நாம் கண்மூடிக் கொண்டாடவில்லை. அந்த 13 குடியேற்றங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அடிமை. அவர்களும் மனு கொடுத்தார்கள். 1773-லேயே மாசசூசெட்ஸின் கறுப்பின அடிமைகள் அந்தச் சட்டமன்றத்தில் விடுதலை கேட்டு மனு வைத்தார்கள். 1777-ல் பிரின்ஸ் ஹாலும் தோழர்களும் மறுபடி கேட்டார்கள். லண்டன் தங்கள் மனுவைப் படிக்கவில்லை என்று துப்பாக்கி தூக்கிய அதே கனவான்கள் இந்த மனுக்களைக் கிடப்பில் போட்டார்கள். பூர்வகுடிகளின் நிலமோ புதிய நாட்டின் இரையானது. அந்தப் பாக்கிக்கு அமெரிக்கா பின்னால் ஒரு உள்நாட்டுப் போரையே விலையாகக் கொடுத்தது. அடிமை முறை ஒழிய 1865 ஆனது.

பேரரசாவது திருந்தியதா? 1781-ல் யார்க்டவுனில் தோற்றுச் சரணடைந்த படையின் தளபதி கார்ன்வாலிஸ், 1786-ல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தார். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் திண்டுக்கல்லும் பறிக்கப்பட்டது அவர் காலத்தில்தான். அங்கே விட்ட பிடியை இங்கே வந்து இறுக்கினார்கள்.

ஆகவே தோழர்களே, நாம் உரக்கச் சொல்ல வேண்டியது இதுதான். 1765-லிருந்து 1775 வரை பத்து வருஷம் அந்த மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பத்து வருஷமும் பதிலாக வந்தது சட்டம், படை, அவமானம், பூட்டு. சாமுவேல் ஆடம்ஸ் ஒருவரால் பத்தாண்டில் செய்ய முடியாததை மூன்றாம் ஜார்ஜ் ஒரே மறுப்பில் செய்து முடித்தார். அமெரிக்கப் புரட்சிக்கு ஆள் சேர்த்துக் கொடுத்ததே பிரிட்டிஷ் அரசாங்கம்தான்.

இனி யாராவது ஒரு போராட்டத்தைப் பார்த்து "தூண்டிவிட்டாங்க" என்று சொன்னால், அவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்.

இதுக்கு முன்னாடி அந்த ஜனங்க எத்தனை மனு கொடுத்தாங்க?
அதை யார் வாங்கினாங்க?
என்ன பதில் வந்துச்சு?

மக்களின் மனு அதிகாரத்துக்கு மக்கள் கொடுக்கும் கடைசி மரியாதை. அதை மதிக்கத் தெரியாத ஆட்சி எவ்வளவு பெரிய பேரரசாக இருந்தாலும் நிலைக்காது!

படியுங்கள். பகிருங்கள். பக்கத்தில் இருப்பவரோடு விவாதியுங்கள்.

#மனுவுக்குப்பதில்சொல்
#மக்கள்கேள்வி