இருட்டுக்கு இரண்டு விளக்கு

சென்ற வாரம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அயல்வீட்டு ராத்தா என்னை நிறுத்தினார். அவரது மகன் ஸ்கொட்லாந்தில் படிக்கிறான். நள்ளிரவில், தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு, காட்டுப் பாதையில் சைக்கிளோடு அவன் நிற்கும் படம் தாயின் கைத்தொலைபேசிக்கு வந்திருந்தது.

"பாருங்க மௌலவி, இவனுக்குப் பைத்தியமா? இனிப் போகவே கூடாதுண்டு சொல்லப் போறன்" என்றார். முகத்தில் கோபம், குரலில் நடுக்கம்.

"கொஞ்சம் பொறுங்க ராத்தா. முதல்ல விசயத்தை விளங்கிக்கொள்ளுவம்" என்றேன்.

அன்புச் சகோதரிகளே! அந்நாட்டில் மாரி காலப் பகல் மிகக் குறுகியது. டிசம்பரில் பிற்பகல் 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். படிப்பு முடிந்து வருபவனுக்கு மிஞ்சுவது இருட்டுத்தான். ஸ்ட்ராத்பெஃபர் என்ற ஊருக்கு அருகே ஜனவரி மாதத்தில் 24 மணிநேர மலைச் சைக்கிள் போட்டியே நடத்தியிருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய 17 மணிநேரம் இருட்டு! பொறுப்போடு நடந்துகொள்பவர்கள் இரவிலும் காட்டுப் பாதைகளில் செல்ல 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் அங்கு இடமளிக்கிறது. ஆகவே இது களவாகச் செய்யும் காரியமல்ல.

அப்படியானால் ஆபத்து இல்லையா? நிச்சயமாக உண்டு. அதனால்தான் பழகியவர்கள் இரண்டு விளக்கு வைத்திருப்பார்கள். தலைக்கவசத்திலுள்ள விளக்கு, பார்க்கும் திசையெல்லாம் திரும்பும். ஆனால் அது கண்ணுக்கு அருகிலேயே இருப்பதால் கல்லின் நிழல் நமக்குத் தெரியாது. குழியும் மேடும் சமதரை போலத் தோன்றும். சைக்கிளின் கைபிடியில் தாழ்வாகப் பூட்டிய விளக்கோ கல்லுக்குப் பின்னால் நிழலை விழுத்தும். அந்த நிழலைக் கொண்டே பள்ளத்தை அறியலாம்.

விளக்கு எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகமே இரவுக்குரிய வேகம். கண் இருட்டுக்கு நன்கு பழக 20 முதல் 30 நிமிடங்கள் எடுக்கும். முகத்தில் அடிக்கும் ஒரு வெளிச்சம் அதை நொடியில் கெடுத்துவிடும். எனவே எதிரில் ஆள் வந்தால் விளக்கைத் தாழ்த்த வேண்டும். குளிரில் பெட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். மேலதிகமான ஒன்றை உடுப்பின் உட்பையில் சூடாக வைத்திருப்பது நல்லது. விழுந்து கிடந்தால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் விட்டு மீண்டும் ஊதுவது அந்நாட்டு மலைகளில் உதவி கேட்கும் முறை. விளக்கையும் அவ்வாறே ஆறு முறை மின்னச் செய்யலாம்.

ஆனால் அந்த விசிலைக் கேட்க அருகில் ஓர் ஆள் வேண்டுமே! "போகாதே" என்று தாய் சத்தமிட்டால், மகன் போவதை நிறுத்தமாட்டான்; சொல்வதைத்தான் நிறுத்துவான். அவன் எங்கே போனான் என்பதே யாருக்கும் தெரியாத இரவுதான் மிகப் பெரிய ஆபத்து.

ஆகவே ராத்தாவிடம் மூன்று கேள்விகளை மட்டும் கேட்கச் சொன்னேன்: யாரோடு போகிறாய்? பகலில் போய்ப் பழகிய பாதையா? எத்தனை மணிக்குத் திரும்புவாய்?

அன்றிரவே அவர் பேசினார். அதற்கு முன் இரண்டு தடவை தனியே போனதை மகன் தானாகவே ஒப்புக்கொண்டானாம். இனிக் கூட்டாளிமாரோடுதான் போவானாம். திரும்பியதும் உம்மாவுக்கு அறிவிப்பானாம்.

"ஏசியிருந்தா இதை அவன் சொல்லியிருக்கவே மாட்டான் மௌலவி" என்றார் ராத்தா.