மல்லாட்டை இருக்க மிட்டாய்க் கடை எதற்கு?

மல்லாட்டையை மூட்டையாக விற்கிறோம். மிட்டாயைக் காகிதத்தில் சுற்றி வாங்குகிறோம். இது என்ன கணக்கு?

ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது சந்தவாசல். படவேடு ரேணுகாம்பாள் கோவிலுக்குப் போகும் பக்தர்கள் பலர் இந்த வழியாகத்தான் போகிறார்கள். ஆடி மாதம் என்றால் கூட்டம். கூட்டம் என்றால் மிட்டாய்க் கடை. கடையைக் கண்டால் குழந்தை அடம் பிடிக்கும். திருவிழாவில் ஒரு நாள் வாங்கிக் கொடுப்பதில் குற்றம் இல்லை. தினமும் ஒன்று என்று பழக்குவதுதான் கெடுதல்.

பாதி சர்க்கரை!

கடையில் விற்கும் பால் சாக்லெட்டில் ஏறத்தாழ பாதி சர்க்கரைதான். வளர்ந்தவர்களே நாளைக்கு 6 தேக்கரண்டிச் சர்க்கரைக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. குழந்தைக்கு எவ்வளவு போதும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயம் வேறு இருக்கிறது. துணிக்குப் போடும் 'ரோடமின்-பி' சாயம் கலந்திருந்ததால், 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய்க்கே தடை போட்டது.

செய்வது எப்படி?

நம் திருவண்ணாமலை மாவட்டம் மல்லாட்டைக்குப் பேர் போனது. 100 கிராம் பருப்பில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. வளரும் பிள்ளைக்கு வேண்டியது அதுதான்.

பருப்பு 200 கிராம் எடுத்து, வறுத்து, தோலைப் புடைத்து நீக்குங்கள். மிக்சியில் விட்டு விட்டு அரையுங்கள். முதலில் பொடியாகும். பிறகு எண்ணெய் கசிந்து விழுதாகும். தண்ணீர் விடக்கூடாது, விட்டால் கெட்டுப்போகும். அதில் பொடித்த வெல்லம் 60 கிராம், சர்க்கரை சேராத கொக்கோத் தூள் 2 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பிசையுங்கள். 16 உருண்டை பிடிக்கலாம். ஓர் உருண்டையில் வெல்லம் 4 கிராமுக்குள்தான்!

கொக்கோ கிடைக்கவில்லையா? கவலை வேண்டாம். ஏலக்காய் போதும். ஜவ்வாது மலைச் சாமையை வறுத்து மாவாக்கி ஒரு பிடி சேர்த்தாலும் நன்றாக இருக்கும்.

வெல்லம் மருந்தல்ல

"வெல்லம்தானே, எத்தனை வேண்டுமானாலும் தின்னலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. வெல்லமும் சர்க்கரைதான். பல்லையும் கெடுக்கும். அளவு குறைவாகப் போடுவதில்தான் நன்மை. நாளைக்கு ஓர் உருண்டை போதும். தின்றதும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

பூஞ்சணம் பிடித்த பருப்பையும், கசக்கும் பருப்பையும் பொறுக்கி எறியுங்கள். பூஞ்சணத்தில் உண்டாகும் 'அஃப்ளாடாக்சின்' நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுவதும் போகாது. கைக்குழந்தைகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் உருண்டையாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கடலை தின்றால் தடிப்போ மூச்சுத்திணறலோ வரும் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது.

நேரம் எங்கே?

"காட்டு வேலைக்குப் போய்விட்டு வந்து இதையும் செய்ய வேண்டுமா?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏன் தாய் மட்டும் செய்ய வேண்டும்? அப்பா வறுக்கட்டும். பிள்ளைகள் தோலை நீக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும்.

இன்னும் ஒன்று. மகளிர் குழுக்கள் இதைச் செய்து விற்கலாம். ஆடித் திருவிழாவில் அவர்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு நல்ல பண்டம் கிடைக்கும். பெண்களுக்கு நாலு காசு கிடைக்கும்.

மூட்டையெல்லாம் சந்தைக்குப் போகட்டும். விளைந்ததில் இரண்டு படி வீட்டில் நிற்கட்டும். விளைவித்தவன் பிள்ளைக்கு அதில் முதல் பங்கு உண்டு!