ஃபிக்மாவை விட்டால் வேறு வழியில்லையா?

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. செஞ்சி, சீயமங்கலம், வந்தவாசிப் பக்கத்துப் பிள்ளைகள் சென்னைக்குக் குடிபெயராமலே மென்பொருள் வேலை பார்க்கலாம் என்ற நம்பிக்கைக்கு அது ஓர் அடையாளம். இந்தப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு செயலி செய்ய உட்கார்ந்தால், முதல் நாளே காதில் விழும் அறிவுரை இதுதான்: “திரை வடிவமைப்புக்கு ஃபிக்மா வாங்கிவிடுங்கள், வேறெதையும் யோசிக்காதீர்கள்.”

ஃபிக்மா நல்ல மென்பொருள். பிரவுசரிலேயே ஓடும், ஒரே திரையில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். ஸ்கெட்ச் என்ற வடிவமைப்பு மென்பொருளுக்கு மேக் கணினி இருந்தால்தான் முடியும் என்றிருந்த காலத்தில், எந்தக் கணினியிலும் வடிவமைக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது அதுதான். ஆனால் “யோசிக்காதீர்கள்” என்பதை ஏற்க முடியாது. அதற்குச் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. “எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், அதனால் பாதுகாப்பு.”

இந்தத் துறையின் வரலாறு நேர்மாறானது. இணைய வடிவமைப்பாளர்கள் ஒரு காலத்தில் கொண்டாடிய ஃபயர்வொர்க்ஸை அடோபி 2013-இல் கைவிட்டது. ஃபிக்மாவுக்குப் போட்டியாக அதே நிறுவனம் கொண்டுவந்த எக்ஸ்டியின் தனி விற்பனை 2023-இல் நின்றது. பெரிய நிறுவனங்களெல்லாம் நம்பியிருந்த இன்விஷன், தன் வடிவமைப்புச் சேவைகளை 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு மூடியது. ஃபிக்மாவையே 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2022 செப்டம்பரில் அடோபி அறிவித்தது. ஐரோப்பிய, பிரிட்டன் போட்டி ஆணையங்கள் எதிர்த்ததால் 2023 டிசம்பரில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அவை எதிர்த்திருக்காவிட்டால், உலகத்து வடிவமைப்பாளர்களில் பெரும்பகுதியினரின் கோப்புகள் அவர்களைக் கேட்காமலே கைமாறியிருக்கும்.

2. “இலவசமாகவே தொடங்கலாமே.”

தொடங்கலாம், தொடர முடியாது. இலவசத் திட்டத்தில் குழுவாகச் சேர்ந்து வேலை செய்ய மூன்று வடிவமைப்புக் கோப்புகள்தான். பழைய பதிப்புகள் 30 நாட்களுக்குத்தான் நிற்கும். ஆண்டுக் கட்டணமாகச் செலுத்தினால் ஒருவருக்கு மாதம் 12 டாலர் என்றிருந்த விலை, 2025-இல் 16 டாலர் ஆனது. டெவலப்பர்கள் அளவுகளையும் நிறங்களையும் எடுத்துக்கொள்ள உதவும் டெவ் மோட், 2023-இல் சோதனைக் காலத்தில் இலவசம். 2024 தொடக்கத்தில் கட்டணமானது. ஐந்து பேருக்கு முழு இருக்கை எடுத்தால் ஆண்டுக்கு 960 டாலர், அதாவது எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல். சென்னையில் முதலீடு பெற்ற நிறுவனத்துக்கு அது சில்லறை. செஞ்சியில் சேமிப்பைப் போட்டுத் தொடங்கும் குழுவுக்கு அது ஒரு நல்ல கணினியின் விலை.

3. “கிளவுடில் இருக்கிறது, தொலைந்து போகாது.”

தொலையாதிருப்பது வேறு, நம் கையில் இருப்பது வேறு. ஃபிக்மாவின் சொந்தக் கோப்பு வடிவம் ஃபிக்மாவுக்குள்தான் முழுமையாகத் திறக்கும். படமாக வெளியே எடுத்தால், பாகங்களுக்கு இடையிலிருந்த இணைப்புகள் போய்விடும். 2022 மார்ச்சில், அமெரிக்கத் தடைப் பட்டியலைக் காரணம் காட்டிச் சீன டிரோன் நிறுவனமான டிஜேஐயின் கணக்கை ஃபிக்மா முடக்கியது. அந்தத் தடையின் நியாயம் எதுவாகவும் இருக்கட்டும். வேறொரு நாட்டுச் சட்டம் நம் வேலை மேசையைப் பூட்ட முடியும் என்பது அன்று தெளிவானது. இன்னொன்றும் உண்டு. 2024 ஆகஸ்டிலிருந்து, செயற்கை நுண்ணறிவைப் பழக்கப் பயனர் உள்ளடக்கத்தை எடுக்கும் அமைப்பு, இலவச, புரொஃபஷனல் திட்டங்களில் நாமாக அணைக்கும்வரை திறந்தே வைக்கப்பட்டது; பெரிய நிறுவனங்களுக்கான திட்டங்களில் முதலிலிருந்தே அணைந்திருந்தது. சிறியவர்கள்தான் விழிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது.

4. “கட்டற்ற மென்பொருளெல்லாம் விளையாட்டுப் பொருள்.”

ஸ்பெயினில் உருவான பென்பாட் என்ற கட்டற்ற வடிவமைப்பு மென்பொருளைப் பார்த்துவிட்டு இதைச் சொல்லட்டும். எஸ்விஜி, சிஎஸ்எஸ் போன்ற திறந்த தரங்களின் மேல் கட்டப்பட்டது அது. 2024 ஏப்ரலில் வந்த 2.0 பதிப்பில் சிஎஸ்எஸ் கிரிட் அமைப்பும் புதிய பாகங்கள் முறையும் சேர்ந்தன. சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். டெவலப்பர்கள் அளவுகளையும் நிறங்களையும் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. குறைகளும் உண்டு: செருகுநிரல்கள் ஃபிக்மாவுக்கு இருப்பதில் சிறு பங்குதான், மிகப் பெரிய கோப்புகளில் வேகம் குறையலாம், சொந்த சர்வர் வைத்தால் பேக்கப் எடுப்பதும் நம் பொறுப்பு. ஆனால் இதற்குக் கைகொடுக்க ஆளில்லை என்று நம் மாவட்டத்தில் சொல்ல முடியாது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாகக் கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுத்தருகிறது.

5. “ஃபிக்மா தெரியாவிட்டால் வேலை கிடைக்காது.”

விளம்பரங்களில் ஃபிக்மா பெயர் இருப்பது உண்மை. மாணவர்கள் அதைக் கற்கட்டும். ஆனால் வேலை தேடும் ஒருவர் எதைக் கற்கலாம் என்பதும், ஒரு குழு தன் பல ஆண்டு உழைப்பை எதில் வைக்கலாம் என்பதும் வெவ்வேறு கேள்விகள். ஃபயர்வொர்க்ஸ் போனபோது அதன் மெனுவை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் திண்டாடினார்கள். எழுத்துரு, இடைவெளி, வரிசை, பயனரின் குழப்பம் இவற்றைக் கற்றவர்கள் அடுத்த மென்பொருளில் உட்கார்ந்தார்கள்.

அப்படியானால் எப்படித் தேர்வது? தமிழ்ப் பயனர்களுக்குச் செயலி செய்கிறவர்கள் முதலில் தமிழ் எழுத்தில் சோதிக்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன் போன்ற இலவச எழுத்துருக்களை ஏற்றுங்கள். கொ, கௌ, ணூ, ஸ்ரீ சிதையாமல் வருகின்றனவா, கொம்பும் சுழியும் மேல் வரியிலோ கீழ் வரியிலோ இடிக்கின்றனவா, நீண்ட சொல் பட்டனுக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். அடுத்து, சுமாரான மொபைல் இணைப்பில் திறந்து பாருங்கள். கடைசியாக, ஒரு முழுத் திட்டத்தை வெளியே எடுத்து, அதை வேறொரு மென்பொருளில் திறக்க முயலுங்கள். இந்த மூன்றாவது சோதனையைப் பெரும்பாலான குழுக்கள் விலகும் நாளில்தான் செய்கின்றன. அன்று செய்து பயனில்லை.

வாடிக்கையாளர் ஃபிக்மா கோப்புதான் வேண்டும் என்றால் ஃபிக்மாவில் செய்யுங்கள்; அதில் தவறில்லை. உங்கள் சொந்தச் செயலியைத் தொடங்கும் சிறு குழு என்றால் பென்பாட்டில் தொடங்குங்கள். அது போதவில்லை என்று அனுபவத்தில் தெரிந்த பிறகு மாறுங்கள். சோதித்துப் பார்த்து எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். பக்கத்து மேசையில் இருக்கிறதே என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள்.