சிரிக்க வைத்தவர் என்பதற்காகச் சிறியவரா?

ஜெர்ரி ரீடை 'வேடிக்கைப் பாடகர்' என்று ஒரே சொல்லில் கடந்துவிடும் ஆய்வாளர்களுக்கு ஒரு கேள்வி. 1967இல் எல்விஸ் பிரெஸ்லி 'கிட்டார் மேன்' பாடலைப் பதிவு செய்தபோது, அதை இயற்றிய ரீடின் வாசிப்புமுறை பிறருக்குக் கைவரவில்லை. அவரையே அழைத்து வாசிக்கச் செய்தனர். 1977இல் 'ஸ்மோக்கி அண்ட் த பேண்டிட்' திரைப்படத்தில் லாரி ஓட்டுநராக நடித்தவரும், அதன் புகழ்பெற்ற பாடலைப் பாடியவரும் அவரே. ஆயினும் கன்ட்ரி இசைப் புகழ்மன்றம் அவரை ஏற்றது 2017இல். அவர் மறைந்து 9 ஆண்டுகளுக்குப் பின்னர்!

இரசிகர்களின் வியப்பை மிகையுணர்ச்சி என எள்ளுகிறோம். அவர்களோ அந்த விரல்களின் நுட்பத்தைச் செவியால் அறிந்தவர்கள். அமெரிக்கத் தென்மாநிலப் பேச்சுவழக்கில் நகைச்சுவையாகப் பாடினால் ஆழமில்லை என்பது இசைத் தீர்ப்பாகாது; வட்டார வழக்கின்மீது படித்தோர் கொண்ட பழைய இளக்காரமே அது. மொழியியல் கைவிட்ட அந்த அளவுகோலை இசையாய்வு இன்னும் ஏன் சுமக்கிறது?